செபத்தின் பின்பாதி

எங்கள் கரையில் செபமாலை என்றால் அது அல்பொன்சாவின் தொண்டையில்தான் தொடங்கும். வேறு யாராவது முந்திக்கொண்டு "பரலோகத்தில்" என்று வாயைத் திறந்தால் போதும், "இருக்கிற எங்கள் பிதாவே" என்று அதைவிடப் பெரிய குரலில் பிடுங்கிக்கொள்வாள். ஐப்பசியில் மாதா சுரூபம், மாதாவின் சிலை, வீடு வீடாகப் போகும். எந்த வீட்டில் சுரூபம் இருக்கிறதோ அந்த வீட்டுக்காரர்தான் முன்செபம் சொல்ல வேண்டும், அதுதான் வழமை. ஆனால் அல்பொன்சா வந்து முன்னால் முழங்காலில் நின்றுவிட்டால், வீட்டுக்காரர் தம் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவார்.

அவள் என் அண்ணன் சவேரியின் மனைவி, எனக்கு மச்சாள். அண்ணன் சீனி நோயில் போய்ச் சேர்ந்த பிறகும் நாங்கள் ஒரே வளவில்தான் இருக்கிறோம். ஆகவே அவளைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமை உண்டு. உரிமை இல்லாவிட்டாலும் கதைப்பேன், என் வாய் அப்படி.

"மச்சாள், கோயில் உனக்கு எழுதித் தந்த சொத்தா? மற்றவளும் ஒரு நாளைக்குச் சொல்லட்டுமே" என்று நான் எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். சிரித்துவிட்டுப் போய்விடுவாள். பக்திக் கொழுப்பு என்றுதான் நானும் நினைத்தேன். காரணம் தெரிய வந்தபோது எனக்கு வாயே எழவில்லை. உண்மையாகவே எழவில்லை, அந்தக் கதை பிறகு வரும்.

செபமாலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு செபத்தையும் இரண்டாக வெட்டித்தான் சொல்வோம். முன்னால் நிற்பவர் முதல் பாதியைச் சொல்ல, மற்ற எல்லாரும் சேர்ந்து பின்பாதியைச் சொல்வார்கள். பரலோக மந்திரத்தில் முதல் பாதி முழுக்கக் கடவுளின் மகிமை. அவருடைய நாமம், அவருடைய இராச்சியம், அவருடைய சித்தம். பின்பாதியில்தான் நம்முடைய சோறும், நம்முடைய பாவமும் வரும். எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்பது அங்கேதான் இருக்கிறது. முன்செபம் சொல்லுகிறவள் அந்த வரியைச் சொல்லவே தேவையில்லை. அல்பொன்சா அந்த வரிக்குப் பயந்துதான் ஏழெட்டு வருடமாக எங்கள் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றிருக்கிறாள்.

பூசையில் எல்லாரும் சேர்ந்து முழுவதையும் பாடும்போது என்ன செய்வாள்? அந்த இடம் வரும்போது இருமல் வரும். இல்லாவிட்டால் செருப்பு வார் கழன்றுவிடும். நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் எழும்பும் நேரம் பார்த்து, கடைசி வாங்குப் பலகையில் இருந்து யாருடைய கைக்குழந்தையையாவது வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். "நீ போய் வாங்கிட்டு வா பிள்ளை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்பாள். தாய்மார் எல்லாம் அவளை வாழ்த்திக்கொண்டு வரிசைக்குப் போவார்கள். ஏழெட்டு வருடமாக அவள் நாக்கில் நற்கருணை படவில்லை என்பதை இந்த ஊரில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஊசி விழுந்தால் சத்தம் கேட்கிற ஊர் இது!

எல்லாவற்றுக்கும் காரணம் எமில்டா.

எமில்டாவின் வீடு எங்கள் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம். புருஷன் யோசேப்பு கடலுக்குப் போகிறவர். அவர்களும் நாங்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் கருவாடு காயப்போடுவோம். நாட்டுச் சண்டை முடிந்த அடுத்த வருடம், கடலுக்குப் போக இருந்த கெடுபிடி எல்லாம் தளர்ந்து ஊரே மூச்சு விட்ட நேரம், அல்பொன்சாவின் மகள் றெஜினாவுக்கு முந்தல் பக்கம் ஒரு சம்பந்தம் சரிவந்தது. நல்ல பையன். தலவில் ஊர் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு அந்தக் குடும்பம் வந்து மரத்தடியில் கூடாரம் அடித்திருந்தது. எமில்டா போய்ப் பையனின் தாயோடு குந்தியிருந்து கதைத்தாள். "தங்கமான பிள்ளை. சின்னனில வலிப்பு வந்தது, இப்ப ஒண்டுமில்லை" என்று சொன்னாளாம். வலிப்பு என்ற சொல் அவர்கள் காதில் விழுந்தது. இப்ப ஒண்டுமில்லை என்றது விழவில்லை.

றெஜினாவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் ஏறி ஒரு தடவை கை கால் இழுத்தது உண்மைதான். காய்ச்சல் இறங்க அதுவும் போயிற்று. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று கதைக்கிற பிறவிகள் ஊருக்கு ஒன்று உண்டு. எங்களுக்கு வாய்த்தது எமில்டா. முந்தல்காரர் பிறகு வரவில்லை. அதற்குப் பிறகு கேட்டு வந்தவர்களும் வாசலோடு திரும்பினார்கள். றெஜினா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள், அங்கேயே இருக்கிறாள். இதில் வேடிக்கை, றெஜினாவும் எமில்டாவின் மகளும் இன்றைக்கும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிறவர்கள். "அம்மா, அதை விடுங்கோ. நான் நல்லாத்தானே இருக்கிறன்" என்று பிள்ளை சொல்லும். அப்படிச் சொல்லச் சொல்ல அல்பொன்சாவுக்கு எமில்டாமேல் இன்னும் எரியும்.

அவள் முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். பழைய பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். பொறுக்க முடியவில்லை என்று சொன்னாள். அந்த மனுஷனுக்குக் காதும் கொஞ்சம் மந்தம். "சரி மகள், அபராதமா ஒரு பரலோக மந்திரம் சொல்லு" என்றாராம். எதைச் சொல்ல முடியாமல் போனாளோ அதையே சொல்லச் சொன்னால் என்ன செய்வாள் பாவம்! கோயில் வாங்கில் இருந்து, அதற்குப் பதிலாக அருள் நிறைந்த மந்திரம் ஐம்பதோ அறுபதோ சொல்லிப் பார்த்தாள். கடன்காரனுக்கு வேறு வீட்டுக் காசைக் கொடுத்த மாதிரி அது கணக்கில் சேரவில்லை. அன்றோடு நற்கருணைக்குப் போவதை விட்டாள். மனதில் இதை வைத்துக்கொண்டு எப்படி வாய் திறப்பது என்று. அவள் அப்படி ஒரு நேர்மைக்காரி. நானென்றால் போய் வாங்கியிருப்பேன்.

இனி அந்த ஐப்பசி மழை நாள்.

எங்கள் கரையில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்காத சட்டம். கருவாடு காயும் நேரம் மழை வந்தால், முதலில் கண்டவர் "மழை! மழை!" என்று கத்த வேண்டும். கிட்ட நிற்பவர் யாருடைய கருவாடு என்று பார்க்காமல் தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூட வேண்டும். கோட்டில் வழக்காடிய இரண்டு பேர் ஒருவர் கருவாட்டை மற்றவர் ஓடி ஓடி மூடிவிட்டு, மழை விட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை நானே கண்டிருக்கிறேன். மழைக்கும் பகைக்கும் நடுவில் நாங்கள் யாரும் விளையாடுவதில்லை.

அன்றைக்கு எமில்டா யோசேப்பைக் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்குப் போயிருந்தாள், கண் காட்ட. மனுஷனுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்து, கடலில் பாதை தெரியாமல் போய்விட்டது. கண்ணில் ஒப்பரேசன் செய்தால் டிசம்பர் நத்தார் வரைக்கும் அவர் கடலுக்குப் போக முடியாது. அதற்காகத்தான் முழு வாரத்து நெத்தலியையும் ஒன்றாகக் காயப்போட்டிருந்தாள். பழைய வலை விரித்து, வெள்ளிபோல மினுங்க, வேலி ஓரத்திலிருந்து தென்னை வரைக்கும். ஊர்ச் சனம் முனையில் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றது. கத்தினால் கேட்காத தூரம். எங்கள் கருவாட்டை முதல் நாளே சாக்கில் கட்டியாயிற்று. நான் கற்பிட்டியில் பல் பிடுங்குகிற கதிரையில் இருந்தேன்.

அல்பொன்சா மட்டும் வாசலில் இருந்தாள். களப்புத் தண்ணிப் பக்கத்தால் முகில் கறுத்து ஏறுவதைக் கண்டாள். காற்று நின்றது. மண் மணந்தது. எழும்பினாள். பிறகு இருந்தாள்.

"என்ர கால் ஓடச் சொல்லுது றீத்தா, நெஞ்சு இருக்கச் சொல்லுது" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "நான் ஒண்டும் செய்யத் தேவையில்லை. அவளின்ர கருவாட்டில நான் கை வைக்கத் தேவையில்லை. சும்மா இருந்தாக் காணும். சும்மா இருக்கிறது பாவமா? ஒருத்தரும் காணேல்லை. நான் குசினிக்க நிண்டனான், முகிலைக் காணேல்லை எண்டு சொன்னா யார் கேக்கப் போகினம்?"

சொல்வதற்கு வசதியாக இருக்கட்டுமென்று குசினிக்குள்ளும் போனாள். கேத்தலை வைத்தாள். அடுப்பை ஊதினாள். சன்னல் பக்கம் பார்க்காமல் நின்றாள். தேயிலை போட்டு, சீனி போட்டு, நிதானமாகக் கலக்கினாள். றெஜினாவின் கலியாணச் சேலைக்கு நாங்கள் பார்த்து வைத்திருந்த நிறம்கூட அந்த நேரம் ஞாபகம் வந்ததாம், மாம்பழ நிறம். நனையட்டும், என் பிள்ளை நனைந்ததுபோல இவளும் ஒருக்கா நனையட்டும் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தத் தேத்தண்ணி நல்ல ருசியாக இருந்தது என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

பிறகு தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் கரையில் பிறந்த யாருடைய காலும் தானாக ஓடும். கோப்பையை எங்கே வைத்தாளோ தெரியாது, வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினாள். காற்றும் சேர்ந்துகொண்டது. படங்கு கையை விட்டுப் பறந்தது. விழுந்து முழங்கால் அடிபட்டு, கல் தூக்கி வைத்து, வேலிப் பக்கத்துப் பாதியை மூடினாள். தென்னைப் பக்கத்துப் பாதி அவள் கண்ணுக்கு முன்னால் கஞ்சியாகிப் போனது.

எமில்டா வந்து இறங்கியபோது அல்பொன்சா நனைந்த கோழிமாதிரி அந்தப் படங்குக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். முழங்காலில் இரத்தம். எமில்டா வேலியடியில் நின்று பார்த்தாள். ஏழெட்டு வருடமாக அல்பொன்சா முகம் கொடுக்காமல் வைத்திருந்தவள் ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"அல்பொன்சாக்கா, நீ இல்லாட்டி முழுக்கப் போயிருக்குமே! நான் உனக்கு என்ன செய்தாலும் காணாது அக்கா!"

அல்பொன்சா தென்னைப் பக்கத்துக் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் லொறியோடு வந்த கருவாட்டு யாவாரி ஜெமீல் நனைந்ததைக் கிளறிப் பார்த்து, "இது கோழித் தீனுக்குத்தான் சரி தங்கச்சி" என்று எமில்டாவிடம் உதட்டைப் பிதுக்கினார். காய்ந்ததை ஏற்றினார். கதை கேட்டதும் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "மாஷா அல்லாஹ்! அயலவர் எண்டா இப்பிடியெல்லோ இருக்கணும். அல்பொன்சாக்கா, நம்மட ஆக்களுக்கும் நான் இதச் சொல்லுவன்" என்றார். சொன்னார்தான் போலும். அந்த வாரம் கற்பிட்டிச் சந்தை வரைக்கும் அவளுடைய புகழ் போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வசைக்கு மட்டுமில்லை, புகழுக்கும் இல்லை. ஒவ்வொருத்தி வந்து "எத்தினை பெரிய மனசு!" என்னும்போதும் அல்பொன்சா ஒரு சுற்று மெலிந்தாள். முன்பு ஒரு பாவம் மட்டும் சுமந்தவள். இப்போது அதற்குமேல் புனிதை வேஷமும் சேர்ந்துகொண்டது.

எனக்கு வீங்கிய கன்னத்தில் துணி கட்டி, பேசக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைக் கண்டுதான் அவள் என்னிடம் வந்தாள் என்று நினைக்கிறேன். என் வாழ்க்கையில் நான் பதில் சொல்லாமல் ஒரு கதையைக் கேட்டது அன்றைக்குத்தான். முன்பாதி, பின்பாதி, செருப்பு வார், கைக்குழந்தை, தேத்தண்ணி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான் மனம் திரும்பி ஓடேல்லை றீத்தா. கால்தான் ஓடினது" என்றாள்.

வாய் திறக்க முடிந்த அன்றைக்கு நான் முதலில் சொன்னது இதுதான். "விசரி! உப்பைத் திண்டவள் தண்ணி குடிக்கத்தான் வேணும். பாதியைக் காப்பாத்தினாய்தானே, நானெண்டா ரெண்டாவது தேத்தண்ணியும் குடிச்சிருப்பன். இதைப் போய் அவளிட்டச் சொல்லாதே. இனித்தான் ஒற்றுமையா இருக்கிறியள், அதையும் கெடுக்காதே."

"அவள் என்னைக் கட்டிப்பிடிச்சவள் றீத்தா. கட்டிப்பிடிச்சது என்னையில்லை, அவள் நினைக்கிற வேறொருத்தியை."

நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனேன். பல் வலியை நான் குறை சொல்ல முடியாது, அது போய்விட்டது.

அந்த மாதக் கடைசியில் சுரூபம் எமில்டா வீட்டுக்குப் போனது. ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு நாளைக்கு மட்டும் அல்பொன்சாவுக்குத் தலையிடி வரும். இந்த முறை சேலை மாற்றிக்கொண்டு புறப்பட்டாள். சனம் விலகி வழி விட்டது. முன்னால் பாய்கூட விரித்து வைத்திருந்தார்கள் அவளுக்கென்று. அவளோ நேராகக் குசினிக்குப் போனாள். அங்கே எமில்டா சனத்துக்குக் கொடுக்கக் கடலை அவித்துக்கொண்டிருந்தாள். நானும் பின்னால் போனேன், அவளைத் தடுக்க. இல்லை, உண்மையைச் சொன்னால், கேட்க.

"எமில்டா, அண்டைக்கு முகில் ஏறேக்க நான் கண்டனான்" என்றாள் அல்பொன்சா. "கண்டிட்டு உள்ளுக்கு வந்து தேத்தண்ணி வச்சுக் குடிச்சனான். நீ நனையவேணும் எண்டுதான் இருந்தனான். பாதி போனது என்னாலதான். என்னைப் பொறுத்துக்கொள்."

எமில்டாவின் கை அகப்பையோடு நின்றது. "ஏன்?" என்றாள்.

"றெஜினாவுக்காக."

எமில்டாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். இத்தனை வருடமும் அந்தக் கதை எங்கள் காதுக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள் போல.

"நான் பொய் சொல்லேல்லை அக்கா."

"ஓம். நீ பொய் சொல்லேல்லை" என்றாள் அல்பொன்சா. "நானும் மழையைப் பெய்விக்கேல்லை."

கடலை கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஒருத்தரும் மூடியைத் திறக்கவில்லை. எமில்டா அகப்பையைப் போட்டுவிட்டு எங்களைத் தாண்டி முன்வீட்டுக்குப் போனாள். எங்களைத் துரத்தத்தான் போகிறாள் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகினேன், பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக வைத்துக்கொண்டு. அவள் சுரூபத்துக்கு முன்னால், அல்பொன்சாவுக்கு விரித்த பாயில் போய் முழங்காலில் விழுந்தாள். வீட்டுக்காரி. அவளுக்குத்தானே உரிமை. முன்செபத்தைத் தொடங்கினாள்.

அல்பொன்சா கதவடியில் சனத்தோடு சனமாக முழங்காலில் நின்றாள். பின்பாதி வந்தது. எல்லாரும் தொடங்கினோம். அவள் குரல் இல்லை. சோறு வரைக்கும் இல்லை. பொறுப்பதுபோல என்ற இடத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். உதடு அசைந்தது. சத்தம் வந்தது, சின்னதாக, தடக்கி, எங்கள் எல்லாருக்கும் பின்னால். நாங்கள் ஆமென் சொல்லி முடித்த பிறகும் அவள் அந்த வரியில்தான் நின்றாள். முழுவதையும் சொல்லித்தான் முடித்தாள்.

செபமாலையில் பத்துப் பத்து மணியாக உருட்டி முடிய அந்த மந்திரம் திரும்பி வந்தது. எமில்டா முன்செபத்தை வேறு ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. கடலையும் கொடுக்கவில்லை, எங்களை முகம் பார்க்கவும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் நான் வெடித்தேன். "பார்த்தியா அவளின்ர திமிரை! நீ மன்னிப்புக் கேக்க, அவள் உன்ர இடத்தையும் பறிச்சிட்டாள்!"

"பறிக்கட்டும்" என்றாள் அல்பொன்சா. "அந்த இடத்தில ஏன் நிக்கிறாள் எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும்."

சனிக்கிழமை புது பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். ஞாயிறு பூசைக்கு நான் அவளைவிட வெள்ளையாக உடுத்துக்கொண்டு போனேன். ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு என் மச்சாள் நற்கருணை வாங்கப் போகிறாள் அல்லவா! நேரம் வந்தது. எழும்பினாள். வரிசைக்குத் திரும்பியவள், கடைசி வாங்கைப் பார்த்து நின்றுவிட்டாள்.

அங்கே எமில்டா, யாருடையதோ கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

நான் கண்ணால் மிரட்டினேன். வா, முன்னுக்கு வா என்று. அல்பொன்சா கேட்கவில்லை. திரும்பி நடந்து போய் எமில்டாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அன்றைக்கும் அவள் நற்கருணை வாங்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உனக்கென்ன விசரா? பாதர் மன்னிச்சிட்டார், ஆண்டவர் மன்னிச்சிட்டார், பிறகென்ன?"

"அந்த வாங்கில தனிய இருந்து பாத்திருக்கிறியா நீ?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்ததும். இரண்டு பேரும் கதைக்கவில்லை. குழந்தை சில நேரம் இவள் மடியில், சில நேரம் அவள் மடியில். நத்தாருக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் பிறந்து, கண்ணில் கட்டோடு யோசேப்பும் பூசைக்கு வரத் தொடங்கினார். இவளுக்கு ஆண்டவரைவிட எமில்டா பெரிதாகிவிட்டாளா என்று நான் பொருமிக்கொண்டே இருந்தேன்.

நத்தாருக்கு முந்திய ஞாயிறு. எல்லாரும் பரலோக மந்திரம் பாடிக்கொண்டிருந்தோம். கடைசி வாங்கில் இரண்டு குரல் கேட்டது, ஒன்று எனக்குப் பழகியது, மற்றது விக்கி விக்கி வந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் கெட்டுவிடும் என்று எனக்கே பயமாக இருந்தது. நற்கருணை நேரம் வந்தபோது அந்தக் குழந்தை வீரிட்டு அழுதது. தாய் வந்து வாங்கிக்கொண்டு வெளியே போனாள். இரண்டு பேருடைய மடியும் வெறுமையாக இருந்தது.

எமில்டாதான் முதலில் எழும்பினாள். எழும்பி, அல்பொன்சாவுக்குக் கை கொடுத்தாள், அந்த முழங்கால் இன்னும் சரியாக மடங்குவதில்லை. இரண்டு பேரும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.